பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கு எத்தகைய பயிற்சி தேவை?

புதிய செயலர்:

அனைவருக்கும் வணக்கம். பொருள்களை அட்டைப்பெட்டிகளில் அடைத்து அனுப்பும் ஓர் ஆலையில் பணிபுரிகிறேன். அண்மையில் எங்கள் ஆலையின் சுகாதார, பாதுகாப்புக் குழுவுக்கு என்னைச் செயலராக நியமித்திருக்கிறார்கள். தொழிலாளர் தரப்பிலிருந்தும் நிர்வாகத் தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கூட்டங்கள் தவறாமல் நடக்கின்றன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளும் தவறாமல் விழுகின்றன. ஆனால் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால், குடிநீர்க் குழாய், கழிவறை விளக்கு, மின்விசிறி ஆகியவற்றுக்கு அப்பால் எதுவும் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. அதே காலத்தில் முதலுதவிப் பதிவேட்டிலோ விரல் நசுங்கியது, வழுக்கி விழுந்தது, கண்ணில் தூசி தெறித்தது என்று பதிவுகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு பதிவேடுகளும் ஒரே ஆலையைப் பற்றியவை என்று நம்பவே கடினமாக இருக்கிறது.

உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து, திரையில் படங்களைக் காட்டி, சட்டப் பிரிவுகளை வாசித்து, இறுதியில் சான்றிதழ் வழங்கிச் சென்றிருக்கிறார். இப்போது புதிய உறுப்பினர்கள் சேரவிருப்பதால், பயிற்சியை முதலிலிருந்து திட்டமிட எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது, எதைக் கட்டாயம் சேர்ப்பது, எதை விட்டுவிடலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரர்:

செயலர் அவர்களுக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாகத் தொழிலாளர் தரப்பு உறுப்பினராக இருந்து வருபவன். என் கருத்தில், பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே உறுப்பினர்களை எழுப்பி ஆலைக்குள் அழைத்துச் சென்றுவிட வேண்டும். அறைக்குள் உட்கார வைத்துச் சட்டத்தில் தொடங்கினால், குழு வேலை என்பது உட்கார்ந்து கேட்கும் வேலை என்றுதான் அவர்கள் மனத்தில் பதியும்.

சுற்றாய்வு என்றால் கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, தீயணைப்பான் இருக்கிறதா, வழி தடையின்றி இருக்கிறதா என்று 'ஆம்', 'இல்லை' குறித்துக்கொண்டே போவது அன்று. எங்கள் இடத்தில் நடந்த ஒரு பயிற்சிச் சுற்றாய்வைச் சொல்கிறேன். பெட்டி மடிக்கும் இயந்திரத்தின் கார்டில், அதாவது ஓடும் பாகங்களை மறைக்கும் காப்புக் கதவில், இன்டர்லாக் என்னும் தடுப்புச் சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். புதிய உறுப்பினர் ஒருவர் சற்றுக் குனிந்து பார்த்தபோது, கதவில் இருக்க வேண்டிய சாவித் துண்டைப் போன்றே இன்னொன்றைச் சுவிட்சுக்குள் செருகி, மெல்லிய கம்பியால் கட்டி வைத்திருப்பது தெரிந்தது. அதாவது கதவு திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடும். கூட வந்த சூப்பர்வைசர் உடனே, இதைச் செய்தவன் யார் என்று கேட்டார். பயிற்சி அளித்தவர் அவரைத் தடுத்து, அதே கேள்வியை வேறு விதமாக, இயக்குபவரிடமே, இதைக் கட்டாமல் விட்டால் உங்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டார்.

அட்டை அடிக்கடி சிக்கிக்கொள்வதாகவும், ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூடினால் இயந்திரம் பழைய நிலைக்கு வர நேரம் பிடிப்பதாகவும், அதனால் அன்றைய கணக்கு எட்டாமல் போவதாகவும் அவர் சொன்னார். அட்டை ஏன் சிக்குகிறது? ஓரங்கள் வளைந்திருக்கின்றன. ஏன் வளைகின்றன? மழைச்சாரல் அடிக்கும் சரக்கு வாசலை ஒட்டி அடுக்கி வைக்கிறார்கள். ஆக, விரல் போகும் ஆபத்தின் வேர் இயந்திரத்தில் இல்லை. அது அட்டை அடுக்கும் இடத்தில் இருந்தது. அடுக்கை உள்ளே மாற்றியபின் சிக்கல் வெகுவாகக் குறைந்தது, கம்பியைக் கட்ட வேண்டிய தேவையும் போயிற்று. இதை எந்தத் திரைப்படத்தாலும் கற்பித்திருக்க முடியாது. உறுப்பினர்களுக்குப் பார்க்கவும், குற்றம் சாட்டாமல் கேட்கவும் பழக்கிவிட்டால், பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது என்பேன்.

பாதுகாப்பு அலுவலர்:

பட்டறைக்காரர் சொன்ன நிகழ்ச்சி அருமையானது. அதை என் வகுப்புகளில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்கிறேன். ஆயினும் அவருடைய வரிசையோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைக் கண்டுபிடிக்க அனுபவம் போதும். கண்ணுக்குத் தெரியாததற்கு அடிப்படை அறிவு வேண்டும்; அது இல்லாமல் ஆலையைச் சுற்றி வருபவர், தெரிந்ததையே மறுபடியும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

ஓர் எடுத்துக்காட்டு. கழிவுநீர்த் தொட்டிகளில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறி, பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது, மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று அனுபவசாலி ஒருவர் சொல்வது எவ்வளவு பயங்கரமான சொல் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்து உயிரிழந்த செய்திகள் உலகெங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. மூடிய இடத்துக்குள் நுழையுமுன் வாயு அளவிடாமல் அனுமதிச் சீட்டு வழங்கக்கூடாது என்பதையும், மேலே காவலுக்கு நிற்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக்கூடாது என்பதையும் குழு உறுப்பினர் காரணத்தோடு அறிந்திருக்க வேண்டும்.

இரைச்சலும் அப்படித்தான். அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதன்மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். மூன்று டெசிபெல் என்பது காதுக்குப் பெரிய வேறுபாடாகவே தோன்றாது. கருவி இல்லாத குழுவுக்கும் ஒரு வழி உண்டு: ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடத்தை அளக்கச் சொல்லிக் கேட்பதற்கு அதுவே போதுமான காரணம்.

எனவே அரை நாளாவது அடிப்படை. குறிப்பாக, தடுப்பு முறைகளின் வரிசையை மனப்பாடமாக அல்லாமல் புரிதலாக ஏற்ற வேண்டும். முதலில் ஆபத்தை அறவே நீக்க முடியுமா, முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாற முடியுமா, அதுவும் இயலாதெனில் கார்டு, காற்றோட்டம் போன்ற பொறியியல் தடுப்பு, அதன்பின் நடைமுறை விதிகள், கடைசியாகத்தான் கையுறையும் முகக்கவசமும். பெரும்பாலான குழுக்கள் இந்த ஏணியில் தலைகீழாக ஏறுகின்றன.

மூன்றாம் ஷிப்ட்:

ஒரு சிறிய கேள்வியை இடையில் வைக்கிறேன். இந்தப் பயிற்சி எந்த நேரத்தில் நடக்கும்? எங்கள் நிறுவனத்தில் எல்லாப் பயிற்சிகளும் காலை வேளையில்தான் நடக்கின்றன. இரவு முழுதும் வேலை பார்த்துவிட்டு வருபவர் அங்கே கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. இதனால் இரவு ஷிப்டிலிருந்து குழுவுக்கு வர யாரும் முன்வருவதில்லை. விளக்கு மங்கலாகவும் ஆள் குறைவாகவும் இருக்கும் அந்த நேரத்தின் ஆபத்துகள் கூட்டத்துக்கு வருவதே இல்லை. பயிற்சி நேரம் வேலை நேரமாகக் கருதப்பட்டு ஊதியம் தரப்படுமா என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

சங்கத் தோழர்:

தோழர் மூன்றாம் ஷிப்ட் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981ஆம் ஆண்டு நிறைவேற்றிய 155ஆம் உடன்படிக்கை, தொழிலாளர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் தகுந்த பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கான செலவு எதுவும் தொழிலாளர் தலையில் விழக்கூடாது என்றும் சொல்கிறது. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டின் விதிகளின்படி பாதுகாப்புப் பிரதிநிதிகள் ஊதியத்துடன் பயிற்சிக்குச் செல்லலாம். நிர்வாகங்கள் சான்றிதழ் வாங்கி விரும்பிச் சுவரில் மாட்டிக்கொள்ளும், பணியிடப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 45001 தரநிலைகூட, பங்கேற்புக்குத் தேவையான நேரத்தையும் பயிற்சியையும் நிறுவனமே தர வேண்டும் என்கிறது. இரவு ஷிப்டுக்குப் பயிற்சி என்றால், அதற்கு முந்தைய இரவு வேலை இருக்கக்கூடாது. இதைப் பயிற்சித் திட்டத்திலேயே எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, யார் உறுப்பினர் என்பது. தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களை நிர்வாகமே பொறுக்கி எடுத்தால், எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். செயலர் தம் குழுவில் அவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. மின்விசிறி பற்றி மட்டுமே பேசப்பட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஐயம் எழுகிறது. அது அறியாமையாக இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம்.

பிரதிநிதித்துவம் நிர்வாகங்களின் தாராளத்தால் வந்தது அன்று. போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தபின், 1987ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான செயல்முறைகள் உள்ள ஆலைகளில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அமர்ந்த பாதுகாப்புக் குழு கட்டாயமாக்கப்பட்டது. வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை 1988இல் வெடித்து 167 பேர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டு கடல்சார் மேடைகளில் தொழிலாளர்கள் தம் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் விதிகள் பிரிட்டனில் வந்தன. வங்கதேசத்தில் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது; மேல்தளங்களின் தையல் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே விரிசலைப் பார்க்கத் தெரியாதவர் எவரும் இல்லை. உள்ளே போக மாட்டோம் என்று கூட்டாகச் சொல்லி, அந்தச் சொல்லுக்குப் பாதுகாப்பும் பெற்றிருந்த ஓர் அமைப்புத்தான் இல்லை.

ஆகவே, உடனடி ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை எப்படிப் பயன்படுத்துவது, யாரிடம் எந்த வரிசையில் தெரிவிப்பது, பழிவாங்கப்பட்டால் எங்கே முறையிடுவது ஆகியவற்றுக்குப் பயிற்சியில் தனி நேரம் வேண்டும். அந்தப் பகுதியைத் தொழிலாளர் உறுப்பினர்களுக்குத் தனியாக நடத்துவது நல்லது.

மனிதவளத் துறை:

மேற்கோள் – சங்கத் தோழர்: "அந்தப் பகுதியைத் தொழிலாளர் உறுப்பினர்களுக்குத் தனியாக நடத்துவது நல்லது."

இதை நான் முழுவதுமாக மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி முழுவதும் இரு அணிகளாகப் பிரிந்துவிட்டால், கூட்டம் பேச்சுவார்த்தை மேசையாகிவிடும். ஊதிய உயர்வும் போனஸும் பாதுகாப்புக் கோரிக்கையோடு பின்னிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். விலகும் உரிமை பற்றிய பகுதி தனியாக நடக்கட்டும். சுற்றாய்வும் விபத்து விசாரணையும் சேர்ந்தே நடக்கட்டும்.

யாரும் தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுவது நிர்வாகத் தரப்பு உறுப்பினர்களுக்குத்தான். அவர்களில் பலர் பதவியின் காரணமாகக் குழுவுக்கு வந்தவர்கள். கூட்டத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஒரு தொழிலாளி தயங்கித் தயங்கி ஒரு குறையைச் சொல்லும்போது, 'இதெல்லாம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது' என்று ஒரு மேலாளர் சொல்லிவிட்டால், அந்தத் தொழிலாளியிடமிருந்து அடுத்த ஓராண்டுக்கு ஒரு சொல் வராது. குறையைக் கேட்பது, உடனே தற்காத்துக்கொள்ளாமல் இருப்பது, முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தருவது ஆகியவை பழகிப் பெற வேண்டிய திறன்கள். மேலும், நிர்வாகத் தரப்பில் வருபவர்களில் ஒருவருக்காவது செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் இருக்க வேண்டும். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பதையே பதிலாகக் கொண்டவர்களால் நிரம்பிய குழுவுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

பட்டறைக்காரர்:

மனிதவளத் துறையிலிருந்து இப்படி ஒரு கருத்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சி. பாதுகாப்பு அலுவலருக்கு: வாயு பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். அரை நாள் அடிப்படை இருக்கட்டும். அதில் சட்டப் பிரிவு எண்கள் வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள். எண்ணைச் சட்டப் புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம். வாயு என்ன செய்யும் என்பதைத் தேட அந்த நேரத்தில் அவகாசம் இருக்காது.

பயிற்றுநர்:

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிப்பதே என் தொழில். பெரும்பாலான பயிற்சிகள் ஆபத்தைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுகின்றன. கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் குழுக்கள் தோற்கின்றன. ஆகவே என் பயிற்சியில் மிகுந்த நேரத்தை நான் செலவிடுவது, சொல்லப்போனால் உறுப்பினர்கள் மிகவும் அலுத்துக்கொள்வது, பரிந்துரை எழுதும் பயிற்சிக்குத்தான்.

ஒரு குழுவின் கூட்டக் குறிப்பில் இருந்த வாசகம் இது: "சரக்கு ஏற்றும் பகுதியில் அனைவரும் கவனமாக நடக்குமாறு அறிவுறுத்தப்பட வேண்டும்." இதை யார் செய்வது? எப்போது? செய்து முடித்தார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? நிர்வாகம் ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொன்னால், குழுவால் மறுத்துப் பேச முடியாது. அதே பொருளைப் பயிற்சியின் முடிவில் அவர்கள் இப்படி எழுதினார்கள்:

"மூன்றாம் சரக்கு வாசலில் போர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும் பாதையும், தொழிலாளர் உணவறைக்குச் செல்லும் பாதையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அடுக்கிய சரக்கு ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறது. சுற்றாய்வின்போது, ஆள் நடக்கையில் வண்டி திடீரென நிறுத்தப்பட்டதைக் குழு நேரில் கண்டது. உடனடி ஏற்பாடாக, உணவு இடைவேளையில் அந்த வாசலில் போர்க்லிஃப்ட் இயங்குவதை நிறுத்த வேண்டும். நிரந்தரத் தீர்வாக, நடப்பவர்களுக்குக் கிழக்குக் கதவைத் திறந்துவிட்டு, இந்தப் பாதையைத் தடுப்புக் கம்பியால் அடைக்க வேண்டும். பொறுப்பு: கிடங்கு மேலாளர். எழுத்துப்பூர்வப் பதில் அடுத்த கூட்டத்துக்கு முன்."

இரண்டாவது வாசகத்தில் வசை ஏதும் இல்லை. ஆனால் அதை அலட்சியப்படுத்துவது கடினம். எங்கே, என்ன, நாம் பார்த்தது எது, இப்போதைக்கு என்ன, நிலையாக என்ன, யார், எப்போது என்று அத்தனையும் அதில் இருக்கின்றன. பாதுகாப்பு அலுவலர் சொன்ன தடுப்பு வரிசையும் அதற்குள்ளேயே இருக்கிறது: இரு பாதைகளையும் பிரித்துவிட்டால், கவனமாக நட என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பதில் பெறுவதற்குக் கால வரையறையும் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குழுவின் எழுத்துப்பூர்வப் பரிந்துரைக்கு வேலையளிப்பவர் 21 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒன்று இல்லாவிட்டாலும், குழுவின் செயல்விதிகளில் நீங்களே எழுதி நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெறலாம். செயலர் என்ற முறையில் இது உங்கள் கையில் இருக்கிறது. கூட்டக் குறிப்பின் முதல் பக்கத்தில், முடிவடையாத பரிந்துரைகளைத் தேதியோடு வரிசைப்படுத்துங்கள். முடிந்தது என்று நிர்வாகம் சொன்னால் மட்டும் அதை நீக்கக்கூடாது. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வோர் உறுப்பினர் நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகே நீக்க வேண்டும்.

மருத்துவமனைச் செவிலியர்:

இங்கே பேசுபவர்கள் அனைவரும் இயந்திரங்களை மனத்தில் வைத்தே பேசுவதால் சற்று வேறு திசையிலிருந்து எழுதுகிறேன். குழுவின் பெயரில் பாதுகாப்பு இருப்பதைப் போலவே சுகாதாரமும் இருக்கிறது. பயிற்சியில் அது பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எங்கள் பணியிடத்தில் கார்டு இல்லாத இயந்திரம் கிடையாது. ஆனால் நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்த உதவியாளர்களும், பயன்படுத்திய ஊசி குத்தியதை வெளியில் சொல்லத் தயங்குபவர்களும், உறவினர்களிடம் அடி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் சுற்றாய்வின்போது கண்ணில் படாது. தனியே, நிதானமாக, பெயர் வெளியில் வராது என்ற உறுதியோடு கேட்டால்தான் வரும். ஆகவே பேட்டி காண்பதையும், இரகசியம் காப்பதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். ஒருவரின் உடல்நல விவரத்தை உறுப்பினர் ஒருவர் உணவறையில் பேசிவிட்டால், அதன்பின் அந்தக் குழுவிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று இரசாயனப் பொருள்களின் பாதுகாப்புத் தரவுத் தாள். உலகளவில் ஒருமுகப்படுத்தப்பட்ட முறைப்படி அதில் 16 பகுதிகள் இருக்கும். முழுவதையும் படிக்கச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் பயிற்சியில், கிருமிநாசினி ஒன்றின் தாளைக் கொடுத்து, 2ஆம் பகுதியில் ஆபத்து என்ன, 4ஆம் பகுதியில் முதலுதவி என்ன, 8ஆம் பகுதியில் எந்தக் கையுறை என்று மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை தேடச் சொன்னார்கள். தேடியபோது, அந்தத் தாள் குறிப்பிடும் வகைக் கையுறை எங்கள் அலமாரியிலேயே இல்லை என்பது தெரிந்தது.

புதிய செயலர்:

இத்தனை விரிவான பதில்களுக்கு நன்றி. சங்கத் தோழரின் ஐயத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன்: முன்பு தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களைத் துறைத் தலைவர்கள்தான் பெயர் குறித்து அனுப்பினார்கள். இம்முறை ஒவ்வொரு பிரிவும் வாக்களித்து அனுப்பட்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். கொள்கை அளவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரவு ஷிப்டுக்கு ஓர் இடம் தனியாக ஒதுக்கப்படும்.

பயிற்சியை ஒரே மூச்சில் நடத்தாமல் பிரித்து நடத்த எண்ணுகிறேன். முதலில் அரை நாள் அடிப்படை, உடனே சுற்றாய்வு. பிறகு சில வாரங்கள் இடைவெளி விட்டு, அந்தச் சுற்றாய்வில் கண்டதையே வைத்துப் பரிந்துரை எழுதும் பயிற்சி. அதன் முடிவில் எழுதப்படும் பரிந்துரைகள் பாவனையாக அல்லாமல் உண்மையாகவே நிர்வாகத்துக்குப் போகும். நிர்வாகத் தரப்பினர் இவை அனைத்திலும் உடன் இருப்பார்கள். விலகும் உரிமை பற்றிய பகுதி மட்டும் தனியாக நடக்கும்.

ஒன்றில்தான் தடுமாற்றம். விபத்து விசாரணையைப் புதியவர்களுக்கு முதல் ஆண்டிலேயே கற்பிப்பதா, தள்ளி வைப்பதா? எங்கள் ஆலையில் விசாரணைப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பத்துக்கு எட்டு முறை 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றே எழுதப்பட்டிருக்கிறது.

பாதுகாப்பு அலுவலர்:

தள்ளி வைக்க வேண்டாம். அந்தக் கடைசிக் கட்டத்தை மாற்றுவதற்காகவே கற்பிக்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹைன்ரிக் 1931இல் வெளியிட்ட கணக்குப்படி, விபத்துகளில் 88 விழுக்காடு ஆள்களின் பாதுகாப்பற்ற செயல்களால் நடந்தவை. அவர் ஆதாரமாகக் கொண்டவற்றில் பெரும்பகுதி மேற்பார்வையாளர்களும் நிறுவனங்களும் எழுதித் தந்த அறிக்கைகள். அவற்றில் பழி யார்மேல் விழுந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்த எண்ணைப் பிற்கால ஆய்வாளர்கள் கடுமையாக விமரிசித்திருக்கிறார்கள். இருந்தும் பல பயிற்சி வகுப்புகளில் அது இன்றும் உலவுகிறது. உங்களுக்கு வரும் பயிற்றுநர் அதைக் காட்டினால், இது எப்படிச் சேகரிக்கப்பட்டது என்று உறுப்பினர்கள் கேட்கட்டும்.

நடைமுறையில், பழைய விசாரணைப் படிவங்களில் ஒன்றை எடுத்துப் பெயர்களை மறைத்துவிட்டு உறுப்பினர்களிடம் கொடுங்கள். 'கவனக்குறைவு' என்று முடிந்த இடத்திலிருந்து அவர்களைத் தொடரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் எத்தனையாவது மணி நேரமாக வேலை செய்துகொண்டிருந்தார், அந்த வேலைக்கு வழக்கமாக எத்தனை பேர், அன்று எத்தனை பேர், இதே இடத்தில் மயிரிழையில் தப்பியவர்கள் உண்டா, அவர்கள் ஏன் சொல்லவில்லை. பட்டறைக்காரரின் கம்பிக் கதையில் நடந்தது இதுவேதான். அங்கே விரல் போவதற்கு முன்பே விசாரணை நடந்துவிட்டது, அவ்வளவுதான் வேறுபாடு. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளை விசாரித்துப் பழகுவது புதியவர்களுக்கு எளிது. காயம்பட்டவர் எவரும் இல்லாததால் தற்காப்புப் பேச்சு குறைவாக இருக்கும்.

உண்மையான விபத்து நடந்தால் முதல் கடமை மூன்றுதான் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்: காயம்பட்டவரைக் கவனிப்பது, இடத்தைக் கலைக்காமல் காப்பது, படம் எடுப்பது. தரையைக் கழுவிவிட்ட பிறகு விசாரணைக்குப் போவதில் பயனில்லை.

சங்கத் தோழர்:

செயலரின் திட்டம் நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்க்கைகள். முதலாவது, பயிற்சியோடு அதிகாரமும் இணைந்திருந்தால் அதை யாரும் சடங்காகக் கருத மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி 5 நாள் பயிற்சியை முடித்திருந்தால், குறையைச் சரிசெய்யுமாறு நிர்வாகத்துக்குத் தற்காலிக ஆணையே பிறப்பிக்கலாம். பயிற்சி பெறாதவருக்கு அந்த அதிகாரம் இல்லை. உங்கள் குழுவின் செயல்விதியில் அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், பயிற்சி முடித்த உறுப்பினர் கூட்டத்துக்குக் காத்திராமல் சுற்றாய்வைக் கோரலாம் என்றாவது எழுதுங்கள்.

இரண்டாவது, உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பதவிக்காலம் முடியும்போது அனைவரும் ஒரே நாளில் விலகாமல், பாதிப் பேர் தொடரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பழையவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் சேர்ந்து சுற்றாய்வு செய்தால், வகுப்பில் சொல்ல முடியாதவை அங்கே கைமாறும். மறுபயிற்சிக்கும் இப்போதே நாள் குறித்துவிடுங்கள். ஒன்டாரியோவில் சான்று பெற்ற உறுப்பினர்களுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை அது உண்டு. புதிய இயந்திரமோ புதிய இரசாயனமோ வந்தால் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை.

மூன்றாம் ஷிப்ட்:

செயலர் அவர்களே, இரவு ஷிப்டுக்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. எங்கள் நிறுவனத்திலும் இதைக் கேட்கப் போகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் முதல் சுற்றாய்வைப் பகலில் ஒரு முறையும், அதே இடத்தில் இரவில் ஒரு முறையும் நடத்திப் பாருங்கள்.

புதிய செயலர்:

சேர்த்துவிட்டேன். இரவுச் சுற்றாய்வுக்கு வர நிர்வாகத் தரப்பிலிருந்து இதுவரை ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார். அவர் கிடங்கு மேலாளர். முதல் பரிந்துரைகள் அனுப்பப்பட்டுப் பதில் வந்ததும், பெயர்களை நீக்கிவிட்டு அவற்றை இங்கே பதிவிடுகிறேன். பயிற்றுநர் அவர்கள் வாசகங்களைப் பார்த்துத் திருத்தம் சொன்னால் அடுத்த சுற்றுப் பயிற்சிக்கு அவையே பாடமாகும்.